கேமராவுக்குக் குறுக்கே வந்த கை

என் அன்பு ராஜி அக்கா,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. ஸ்ரீவராகத்து வீட்டில் உன் மேஜையை இன்னும் யாரும் நகர்த்தவில்லை. நான் மட்டும் ஒரு வாரமாக அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பதில் வராது என்று தெரிந்தும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

உன் பழைய சேனலிலிருந்து அஞ்சனா என்று ஒரு பெண் வந்தாள். உன் நினைவாக அரை மணி நேர நிகழ்ச்சி செய்கிறாள். இந்த ஊரில் மைக் பிடித்துத் தெருவில் இறங்கிய முதல் பெண் நீதான் என்று எனக்கே பாடம் எடுத்தாள். ஸ்டூடியோவில் உட்கார்ந்து மலர்க் கண்காட்சிச் செய்தி படித்தால் போதும் என்றவர்களோடு நீ மல்லுக்கு நின்றது அவளுக்கு எங்கே தெரியும்? வெளியே போகும் நாளில் கழிப்பிடம் கிடைக்காது என்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜீப்பில் உட்கார்ந்திருப்பாயே, அது தெரியுமா? கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவன் நான்.

அப்படிச் சண்டை போட்டு வெளியே வந்த உன்னை எங்கே அனுப்பினார்கள்? சாவு வீடுகளுக்கு. பெண் போனால் பெண்கள் மனம் விட்டு அழுவார்கள், நல்ல காட்சி கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். நீயும் போனாய். அவர்கள் அழத் தொடங்கியதும் லென்ஸுக்குக் குறுக்கே உன் கையை வைத்தாய். ஒவ்வொரு தடவையும். "அழறவா மூஞ்சியைக் காட்டி நாம பேர் வாங்கப்படாது, மணி, கேட்டியா?" என்பாய். எடிட்டர் தலையில் அடித்துக்கொள்வார். உன் உள்ளங்கை ரேகைகளை உன்னைவிட நான்தான் அதிகம் பார்த்திருப்பேன்.

அஞ்சனாவுக்கும் அந்தக் கைதான் வேண்டுமாம். என் அலமாரியில் இருந்த கேசட்டுகளில் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். கல்லாறு தாண்டி மேலே, தேயிலைத் தோட்டத்தில் நாம் எடுத்தது. தொழிலாளர் வீட்டு வரிசையில், அந்த லயத்தில், மழைக்குச் சுவர் இடிந்து புருஷனைப் பறிகொடுத்த பேச்சியம்மாள் பேசிக்கொண்டிருக்கிறாள். குரல் உடைகிறது. உன் கை வந்து மறைக்கிறது. நான் கேமராவை நிறுத்துவதற்குள் அந்தக் கைக்குப் பின்னால் அழுகை மட்டும் கேட்கிறது. அஞ்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாரே, இது மதி, இதுவே போதும். இதுலதான் ப்ரோக்ராம் தொடங்கணும்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நீ மறைத்ததையே எடுத்து விற்பதா? பேச்சியம்மாளைக் கேட்காமல் கேசட்டைத் தர மாட்டேன் என்றேன். அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்ற தைரியம். மறுநாளே பஸ் ஏறினேன்.

அதே லயத்தில்தான் இருக்கிறாள், அக்கா. இடிந்த பக்கத்தை இன்னும் நீலத் தார்ப்பாய்தான் மூடியிருக்கிறது. என்னை அடையாளம் கண்டு பால் விடாத கட்டன் காப்பி போட்டுத் தந்தாள். "அக்கா போயிட்டாங்கன்னு டிவியில பாத்தேன். சோறு எறங்கல" என்றாள். வந்த காரியத்தைச் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை.

"போடச் சொல்லுங்க."

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அக்காவ நான் குத்தம் சொல்லல, அண்ணே. அன்னிக்கு அவங்க கைய வச்சது எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு! ஆனா அடுத்த வாரம் வேற டிவிக்காரங்க வந்தாங்க. கீழ லயத்துக் கமலம் தலையில அடிச்சுக்கிட்டு அழுதத அப்படியே காட்டுனாங்க. அவளுக்குப் புதுச் சுவரு வந்துச்சு. என்னைய ஆரும் திரும்பிப் பாக்கல. நான் அழுததுதான் யாருக்கும் தெரியாதே."

பிறகு தார்ப்பாயை விலக்கிக் காட்டினாள். உள்ளே ஈரமாக இருந்தது. "அழுகைய மட்டும் போட்டாப் பத்தாது, கேட்டீங்களா. இதையும் எடுக்கணும். நான் பேசறதையும் எடுக்கணும். நடுவுல அழுகை வந்தா வரட்டும். நான் போதும்னு சொன்னா மட்டும் நிறுத்துங்க."

இறங்கி வரும்போது எனக்கு மனசு ஆறவில்லை. கல்லாற்றில் பஸ் நின்று எல்லாரும் டீ குடிக்க இறங்கினார்கள். நான் அசையவில்லை. உன் கை அவளுடைய சுவரையும் சேர்த்து மறைத்துவிட்டதா, அக்கா? கமலத்துக்குச் சுவர் வந்தது உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் கடைசிக் காலத்தில் தோட்டத்துச் செய்தி வந்தாலே டிவியை அணைத்தாயா? கேட்டிருந்தால், "போடா, மானத்தைவிடச் சுவர் பெரிசா?" என்று அதட்டியிருப்பாய். அல்லது ஒன்றும் பேசாமல் எழுந்து போயிருப்பாய். எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. உன் மேல் கோபம் வருகிறது. உன் மேல் போய்க் கோபப்படுகிறேனே என்று அழுகையும் வருகிறது.

ஆனால் அன்று நீ கையை வைக்காமல் இருந்திருந்தால், இன்று அவள் என்னை வீட்டுக்குள் விட்டிருப்பாளா? அதையும் யோசிக்கிறேன். யோசித்து ஓயவில்லை.

அஞ்சனாவிடம் பேச்சியம்மாளின் நிபந்தனையைச் சொன்னேன். "அரை மணி நேரம்தானே சாரே, அதுல சுவரெல்லாம் எதுக்கு?" என்று இழுத்தாள். அப்படியானால் கேசட் இல்லை என்றேன். "சரி, ஞானும் வராம்" என்று தானும் வர ஒப்புக்கொண்டாள். கேமரா நான்தான் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக் காலையில் மேலே போகிறோம். தோள் வலிக்கும், வலிக்கட்டும். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பேச்சியம்மாள் அழுதாலும் நான் கேமராவை நிறுத்த மாட்டேன். போதும் என்று அவள் சொன்ன அந்த நொடியே நிறுத்திவிடுவேன். நடுவில் அவள் குரல் உடையும்போது, பழக்கத்தில் என் கண் உன் கையைத் தேடும். அது வராது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது, அக்கா.

உன் கைக்குப் பின்னாலேயே நின்ற தம்பி,
மணி