கம்பியில் அளவு சரியாகத்தான் இருந்தது

என் சேவியர் மச்சானுக்கு,

நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? ஒரே தோட்டம், ஒரே லொறி, இரண்டு லய வரிசை தள்ளி வீடு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்த மனுசனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, இப்போது உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். என்ன ஜென்மமோ நான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வருசப் பூசை. அக்கா ஃபாதரிடம் சொல்லி வைத்துவிட்டாள். உங்கள் பெண்டாட்டி சுகமாக இருக்கிறாள் என்று எழுத ஆசைதான். ஆனால் மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. கூடப் பிறந்த தம்பியோடு பேசாமல் இருக்கிறாள் என்றால் சும்மா இருப்பாளா? காரணத்துக்கு வருகிறேன்.

முதலில் லொறியின் சேதியைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். ஓடுகிறது. தேயிலைக் கொழுந்து ஏற்றிக்கொண்டு இரண்டாம் டிவிசன் ஏற்றத்தில் இன்னும் முனகுகிறது. உங்கள் மாதா படம் அதே இடத்தில் இருக்கிறது, பக்கத்தில் என் பிள்ளையார். "உன் பிள்ளையாரு ரோட்டப் பாக்கட்டும், என் மாதா மீட்டரப் பாக்கட்டும்" என்று நீங்கள் பிரித்துக் கொடுத்த வேலையை ரெண்டு பேரும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தோட்டத்துக்குப் புது துரை வந்திருக்கிறார். சின்ன வயசு, எதையும் ஏன் என்று கேட்கிற ஆள். செவ்வாய்க்கிழமை காலை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசைக்குப் பக்கத்தில் நாலு கேன் புது ஒயில். இனித் தோட்டத்து வண்டி எல்லாவற்றுக்கும் இதுதான், லொறிக்கும் இதுதான் என்றார். ஒரு கேனைத் திறந்து சொட்டு எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். அதே மாதிரி தண்ணி ஒயில்.

நம்ம லொறிக்கு இது ஒத்துக்காதுங்க துரை என்றேன். ஏன் என்றார். நீங்கள் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். கிழட்டு எஞ்சின், உள்ளே எல்லாம் தேய்ந்து இடைவெளி விட்டுப் போயிருக்கிறது, அந்த இடைவெளியில் நின்று பிடிக்க நாற்பதாம் நம்பர் கெட்டி ஒயில்தான் வேண்டும், தண்ணி ஒயில் சூடேறினால் நழுவிவிடும். புது ஒயிலில் அழுக்குக் கழுவுகிற மருந்து வேறு கூடுதல். வருசக்கணக்காக உள்ளே படிந்து கிடப்பதை ஒரேயடியாகப் பெயர்த்துக் கொண்டுவந்து, அடியில் ஒயில் உறிஞ்சுகிற வலையை அடைத்துவிடும். ஒயில் அளவு பார்க்கிற கம்பியில் பார்த்தால் அளவு சரியாக இருக்கும், மேலே ஒரு சொட்டு ஏறாது.

துரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது யாரோ சொன்னதா, நீங்களே கண்டதா என்று கேட்டார். கண்டதுங்க என்றேன். எப்போது என்றார்.

மச்சான், அந்தக் கேள்விக்குப் பதிலை நான் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்கும்.

அந்த வருச ஆயுத பூசை உங்களுக்கு ஞாபகம் இருக்குமே. வருசா வருசம் முதல் நாள் லொறியைக் கழுவி, ஒயில் மாற்றி, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். வேதக்காரரான நீங்களும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு சக்கரம் தேய்ப்பீர்கள். அந்த வருசம் மட்டும் உங்கள் தங்கச்சி மகள் கோயிலில் முதல் நன்மை வாங்குகிற பூசைக்கு அக்காவோடு எம்பிலிப்பிட்டிய போய்விட்டீர்கள். ஸ்டோர் ஒயில் எடுத்து வைத்திருக்கு, நீயே மாத்திரு என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் நான் வரக்காப்பொலயில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ரோட்டோரத்தில் கண்ணாடி போட்ட பெரிய ஒயில் கடை. தங்க நிற கேன்கள், வரிசையாக. பண்டிகைக்கு நமக்கெல்லாம் புது உடுப்பு, இந்தக் கிழட்டு லொறிக்கு மட்டும் காலமெல்லாம் அதே கறுத்த ஒயிலா என்று தோன்றியது. சாமிக்குப் படைக்கிற நாளில் இருக்கிறதிலேயே உசத்தியானதைக் கொடுக்க வேண்டாமா? இப்படித்தான் மச்சான் என் புத்தி போனது. கடைக்காரர் நல்ல மனுசன். எந்தக் காலத்து லொறி மல்லி என்று, தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் புது வேன்காரர்கள். நம்முடைய லொறியின் வயசைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. புது லொறிதான் என்றேன். அப்படியென்றால் இது என்று எடுத்துக் கொடுத்தார். அதுதான் முதல் பொய்.

ஸ்டோர் ஒயிலை என் வீட்டு விறகுக்குப் பின்னால் ஒளித்தேன். வாங்கி வந்த ஒயிலைச் சாமிக்குப் படைத்து, கற்பூரம் காட்டி லொறிக்கு ஊற்றினேன். மறுநாள் ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் பூனை மாதிரி இருந்தது. உங்களிடம் உடனே சொல்லவில்லை. நீங்களாகவே, என்ன கணேசா இன்னைக்கு லொறி இவ்வளவு சொகமா ஓடுது என்று கேட்கட்டும், அப்போது சொல்லிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

நீங்கள் கேட்டீர்கள். நான் நினைத்த மாதிரி இல்லை. நாலாம் நாள் லொறிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுந்திருந்தது. குனிந்து ஒரு சொட்டைத் தொட்டு ரெண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தீர்கள்.

"என்னடா இது, தண்ணியாட்டம் இருக்கு. என்ன ஒயில் போட்ட?"

"ஸ்டோர் ஒயில்தான் மச்சான். நாப்பது."

ஏன் அப்படிச் சொன்னேன்? நீங்கள் திட்டுவீர்கள் என்ற பயம் பாதி. இன்னும் ரெண்டு வாரம் ஓடட்டும், ஒயில் தன்னை நிரூபித்துவிடும் என்ற திமிர் பாதி. நீங்கள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. ஸ்டோரில்தான் எதையாவது மாற்றிக் கொடுத்திருப்பார்கள் என்று முணுமுணுத்துவிட்டு விரலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டீர்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் வடித்து ஊற்றியிருப்பீர்கள். அரை மணி நேர வேலை.

ஒன்பதாம் நாள் சின்ன டிரைவரான எனக்கு லீவு, பெரிய டிரைவர் நீங்கள் ஓட்டினீர்கள். இரண்டாம் டிவிசன் ஏற்றத்து வளைவில் எஞ்சின் கத்திவிட்டு நின்றது. ஏற்றியிருந்த கொழுந்து வெயிலில் சூடேறிக் கருத்துப் போனதைப் பறித்த பெண்களே நின்று பார்த்தார்கள். வெளியில் இருந்து வந்த மெக்கானிக் பாஸ் எஞ்சினைக் கழற்றி, வடிந்த ஒயிலை அளந்துகூடப் பார்க்காமல், ஒயில் இல்லாமல் ஓட்டி எரித்திருக்கிறார்கள் என்றார். அடைத்துக் கிடந்த வலையை அவர் கையில் இருந்து வாங்கிக் கழுவி வைத்தவன் நான்தான். கழுவும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பழைய துரை உங்களை ஆபீசில் நிறுத்திக் கேட்டார். நானும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். "காலையில கம்பியப் பார்த்தேனுங்க துரை, அளவு சரியா இருந்த மாதிரிதான் இருந்துச்சு" என்றீர்கள். மாதிரியா என்று துரை திருப்பிக் கேட்டார். கிளார்க் சிரித்தார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் கண் முன்னால் என் வேலை போவதுதான் தெரிந்தது. திறக்கவில்லை.

உங்களை லொறியில் இருந்து இறக்கி பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடிக்கு அனுப்பினார்கள். பெரிய டிரைவர் வேலை எனக்கு வந்தது. எஞ்சினைப் புதுப்பித்து வந்தபோது முதலில் ஊற்றிய ஒயில் எது தெரியுமா? விறகுக்குப் பின்னால் ஒளித்திருந்த அதே நாற்பது. லயத்துச் சனம் உங்களுக்கு எஞ்சின் எரித்த சேவியர் என்று பெயர் வைத்தது. நான் அந்தப் பெயரைக் கேட்காத மாதிரி நடந்தேன்.

ஒரு வருசம் கழித்து துரையே மனசு இறங்கி உங்களைத் திரும்ப ஓட்டச் சொன்னார். நீங்கள் வேண்டாம் என்றுவிட்டீர்கள். ரோசம் என்று நினைத்தேன். அதற்கு முன்னாலேயே கண்ணாடி போட ஆரம்பித்திருந்தீர்கள். என்ன மச்சான், இஸ்கூல் வாத்தியாராட்டம் இருக்கீங்க என்று நான் கேலி பண்ணினேன். நீங்களும் சிரித்தீர்கள். பாவி, அந்தச் சிரிப்பையும் வாங்கிக்கொண்டேன்.

நெஞ்சு வலிக்கிறது என்று உங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன காலை. வேறு வண்டி கிடைக்கவில்லை, நம்முடைய லொறிதான். எத்தனையோ நாளைக்குப் பிறகு முன் சீட்டில் நீங்கள், ஓரத்தில் உங்களைத் தாங்கிக்கொண்டு அக்கா. எஞ்சின் சூடு காட்டுகிற மீட்டர் உங்கள் முகத்துக்கு நேரே இருந்தது. இருந்தும் என்னிடம் கேட்டீர்கள்.

"கணேசா, மீட்டரு எவ்வளவு காட்டுது?"

அளவாத்தான் காட்டுது மச்சான் என்றேன். தலை தூக்க முடியாமல் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும், என்ன ஒயில் போட்டிருக்க என்றீர்கள். நாப்பதுதான் என்றேன். அந்தக் கேள்விக்கு என் வாயில் இருந்து வந்த முதல் உண்மை அது. நம்பினீர்களா? கண்ணை மூடிக்கொண்டீர்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதையெல்லாம் செவ்வாய்க்கிழமை துரையிடம் சொன்னேன். கிளார்க் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். துரை உங்கள் பைலை எடுக்கச் சொன்னார். எஞ்சின் எரிந்ததற்கு உங்களுக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதம் மேலேயே இருந்தது. எழுதித் தாருங்கள் என்றார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அதை உங்கள் பைலிலேயே சேர்த்தார். என்னை லொறியில் இருந்து இறக்குவாரா, தெரியாது. இறக்கினால் இறங்குகிறேன். புது ஒயில் கேன்கள் துரையின் ஜீப்புக்குப் போய்விட்டன.

அன்றைக்குச் சாயங்காலமே அக்காவிடம் போனேன். பலாக்கொட்டை சீவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் கத்தி நிற்கவில்லை. முடித்ததும் எழுந்து உள்ளே போய் உங்கள் கண்ணாடிக் கூட்டை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு, தெரியுமா ஒனக்கு? கேகாலையில காட்டினப்ப டாக்டரே சொன்னாரு, ஒரு குறையும் இல்லன்னு. இவரு நம்பல. அடம் புடிச்சுக் கண்ணாடி வாங்கினாரு."

பிறகு நீங்கள் அவளிடம் சொன்னதைச் சொன்னாள். "நான் கம்பியப் பார்த்தேன் புஷ்பம், அளவு சரியா இருந்துச்சு. எஞ்சினு எரிஞ்சு போச்சு. அப்ப என் கண்ணுதானே பொய் சொல்லியிருக்கணும்?"

ரோசத்தில் ஓட்ட மறுத்தீர்கள் என்று நினைத்தேனே. முகத்துக்கு நேரே இருந்த மீட்டரை என்னிடம் கேட்டது அதனால்தானா? சாகப் போகிற நேரத்திலும் உங்கள் கண்ணை விட்டுவிட்டு என் கண்ணை நம்பினீர்களா? இத்தனை வருசம் லொறி ஓட்டின மனுசனை அவருடைய கண்ணையே நம்பாமல் ஆக்கியிருக்கிறேன். எரிந்தது எஞ்சின் மட்டும்தான் என்று எண்ணி இவ்வளவு நாள் சோறு தின்றிருக்கிறேன்.

"அவரு கண்ணு பொய் சொல்லல. நீ சொல்லியிருக்க" என்றாள் அக்கா. மன்னிச்சிரு அக்கா என்றேன். "என்கிட்ட என்னத்துக்குச் சொல்ற? அவருகிட்ட சொல்லு. அவருக்குப் பேரு வச்சவங்க முன்னால சொல்லு."

எப்போது போனாலும் கேட்காமல் வருகிற பிளேன்டீ அன்றைக்கு வரவில்லை. உங்கள் கண்ணாடியைக் கொஞ்சம் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். கேட்கிற தகுதி இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று இதில் எழுதவில்லை மச்சான். மன்னித்துவிடுவீர்கள், உங்கள் குணம் அது. அதனால்தான் கேட்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கோயில் வாசலில் நிற்கும்போது இந்தக் கடிதத்தை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படிக்கிறேன். ஃபாதரிடம் கேட்டுவிட்டேன். லயத்துச் சனம் எல்லாம் இருக்கும், அக்கா இருப்பாள், கிளார்க்கையும் வரச் சொல்லியிருக்கிறேன். ஒயில் மாற்றியவன் நான், பொய் சொன்னவன் நான் என்று என் வாயால் சொல்கிறேன். அன்று காலை என் மச்சான் கம்பியை எடுத்துத் துடைத்துப் பார்த்தார், அளவு சரியாக இருந்தது என்றும் சொல்கிறேன். இருந்த மாதிரி இல்லை மச்சான். இருந்தது.

உங்கள் கண்ணை நீங்களே நம்பாமல் போகச் செய்த,
உங்கள் பெண்டாட்டியின் தம்பி
கணேசன்