மெஷினின் சொந்த வேகம்

மார்ச் 4, திங்கள்

இன்றைக்கு வளையல் நெளிந்தது. கை தப்பியது.

சலவைக்கூடத்தில் எனக்குக் கோட்டு பிரஸ். கீழ்ப் பலகையில் கோட்டை விரித்து, இரண்டு பக்கமும் உள்ள சுவிட்சுகளை இரண்டு கையாலும் அமுக்கினால்தான் சூடான மேல் பலகை இறங்கும். நாங்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. இடது சுவிட்சின் மேல் கழன்று விழுந்த சட்டைப் பொத்தான் ஒன்றை வைத்து டேப்பை இழுத்து ஒட்டிவிட்டால் அது அமுங்கியே கிடக்கும். இடது கை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே வலது கை பலகையை இறக்கிவிடும். வேலையில் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவதே இதைத்தான். எனக்குச் சொல்லித்தந்தது என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். இந்த வேலையை வாங்கித்தந்ததும் அவர்தான்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரே யோசனை. ஒரு மெஷினுக்கு எதற்கு இரண்டு சுவிட்ச்? — அட, கைக்காக! இரண்டு கையும் வெளியே இருந்தால்தான் பலகை இறங்க வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். இது தெரியாமல் மரமண்டையாக இருந்திருக்கிறேனே.

மார்ச் 5, செவ்வாய்

டேப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

என் பக்கம் கோட்டு தேங்குகிறது. மேலாளர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். மனிதர் சட்டை மடிப்புக் கலையாமல் விறைப்பாக நடப்பார் என்பதால் நாங்கள் வைத்த பெயர் கஞ்சி. அவர் தலை மறைந்ததும் அண்ணி வந்தார்.

"டேப்பை ஒட்டிக்கோம்மா. என் மானத்தை வாங்காத."

டேப் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று விதி ஏதாவது இருக்கிறதா அண்ணி என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். குதர்க்கம் பேசுகிறேன் என்று நினைத்து முறைத்துவிட்டுப் போனார். என் வாய் அப்படி. சந்தேகம் கேட்டால்கூடச் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்குமாம்.

மார்ச் 21, வியாழன்

வேலை போச்சு.

வேணும்னே மெதுவா வேலை செஞ்சேனாம். நிர்வாகத்துக்கு நஷ்டம் வரணும்னு செஞ்சேனாம். நாளையிலிருந்து வராதேன்னு வாசல்லயே நிறுத்திச் சொல்லிட்டாரு அந்தக் கஞ்சி. அது போகட்டும். நான் மெதுவா செய்யுறேன்னு சாட்சிக் கையெழுத்துப் போட்டது யாரு? அண்ணி. என் கல்யாணத்துல எனக்குப் பூ வெச்சுவிட்ட கை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அக்கா பாவம், அவங்களும் என்ன பண்ணுவாங்க" என்றார். நான் முறைத்ததும், "ஆனா நீயும் பாவம்தான்" என்றார். இப்படி ஒரு மனிதர்.

மார்ச் 23, சனி

கோபம் கொஞ்சம் இறங்கியதும் வேறொன்று குடைகிறது. ஒரு வார்த்தை கேட்காமல் ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பலாமா? மெஷினை எப்படிச் செய்திருக்கிறார்களோ அப்படியே ஓட்டினால் அது குற்றமா? யாருக்காவது தெரியாமலா இருக்கும்?

ஏப்ரல் 2, செவ்வாய்

தொழிலாளர் அலுவலகம் போனேன். சமரச அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு முழுக்கக் கேட்டார். நீக்குவதற்கு முன்பு விளக்கம் கேட்டார்களா என்றார். இல்லை என்றேன். கேட்டிருக்க வேண்டும் என்றார். அடேயப்பா, அப்படியா!

இங்கே தீர்ப்பு கிடையாதாம். இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசவிட்டு ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதுதான் அவர் வேலையாம். முடியாவிட்டால் வழக்கு மேலே போகும். சும்மா பேசினால் கஞ்சி இறங்கி வருவாரா? தெரியவில்லை. ஆனால் பார்க்க ஆசையாக இருக்கிறது. எனக்காகப் பேச ஒருவரைக் கூட அழைத்து வரலாம் என்றார். யாரை அழைப்பேன்?

ஏப்ரல் 10, புதன்

தனியாகத்தான் போனேன். மற்றவர்கள் செய்வதில் பாதிகூட நான் செய்யவில்லை என்றார் கஞ்சி. அவர்கள் டேப் ஒட்டுகிறார்கள் என்றேன். "டேப்பா? எங்க கூடத்துல அப்படி ஒண்ணும் கிடையாதே மேடம்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல்.

நேரில் வந்து பார்க்கிறேன் என்றார் அந்த அம்மா. நல்லது என்று நினைப்பதற்குள் வரப்போகும் தேதியையும் கஞ்சியிடமே சொல்லிவிட்டார்! வெளியே வந்ததும் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். தேதி சொன்னால் எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட மாட்டார்களா?

"துடைக்கட்டுமே" என்றார்.

இதற்கு என்ன அர்த்தம்? மண்டை காய்கிறது.

ஏப்ரல் 23, செவ்வாய்

என்னையும் வரச் சொல்லியிருந்தார். உள்ளே நுழைந்ததும் பார்த்தேன். ஒரு மெஷினில்கூட டேப் இல்லை. பசையின் தடம்கூட இல்லாமல் சுரண்டியிருந்தார்கள். எல்லாரும் சமர்த்தாக இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். பார்த்தீர்களா மேடம் என்றார் கஞ்சி.

அந்த அம்மா ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார். பிரஸ் செய்யாத கோட்டுகள் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஏறிக்கொண்டே போயின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாரும் என் வேகத்தில் வேலை செய்கிறார்கள்! இல்லை, அது என் வேகமே இல்லை, மெஷினின் வேகம். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"இன்னைக்கு எல்லாருமே வேணும்னே மெதுவா செய்யுறாங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா. ஏதோ மின்சாரம் குறைவு, ஆள் குறைவு என்று பூசி மெழுகினார் கஞ்சி. அந்த அம்மா அண்ணியின் பக்கம் திரும்பி, தினமும் இப்படித்தானா என்றார்.

அண்ணி தரையைப் பார்த்தார். கஞ்சியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"நேத்து வரைக்கும் டேப் இருந்துச்சு மேடம். எடுக்கச் சொன்னாங்க. நான்தான் பிச்சேன்."

ஏப்ரல் 30, செவ்வாய்

ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்து. எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இனி யாரும் டேப் ஒட்டக் கூடாது. வீட்டுக்காரர் என்னை வக்கீலம்மா என்று கூப்பிடுகிறார். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

மே 16, வியாழன்

அண்ணியை சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கி, ஈரத்துணி பிரிக்கும் பக்கம் அனுப்பிவிட்டார்கள். நிர்வாகத்துக்கு அவர் மேல் நம்பிக்கை போய்விட்டதாம். மதியம் பக்கத்தில் போய் நின்றேன். என்னிடம் முகம் கொடுக்கவில்லை. எதுவும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னதற்கு ஒருவரை இப்படிச் செய்யலாமா? நியாயம் கேட்க வேண்டியவர் அவர். அதை நான் எந்த முகத்தோடு அவரிடம் சொல்வேன்?

ஜூன் 11, செவ்வாய்

காலையில் அண்ணி வந்து கதவைத் தட்டினார். வாசலிலேயே நின்றார். "கிளம்பு" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்.

தொழிலாளர் அலுவலகத்தில் அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தத் தடவை மனு யாருடையது என்றார். என்னுடையது என்று அண்ணி கையைத் தூக்கினார். கூட வந்திருப்பது யார் என்று கேட்டார்.

"என் தம்பி பொண்டாட்டி மேடம்," என்றார் அண்ணி. "எனக்காக இவ பேசுவா."

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தேன்.