வெட்டுகிற குழு, எழுதுகிற குழு

ஊருக்கெல்லாம் வாத்தியாராகவும் எனக்கு மட்டும் மூக்கொழுகியாகவும் இருந்த என் தம்பி முருகேசா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதில் நீ உயிரோடு இருந்தபோதே கெட்டிக்காரன். "அக்கா, அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்று போனை வைத்தால் அடுத்த பொங்கலுக்குத்தான் கூப்பிடுவாய். இப்போது அந்த அஞ்சு நிமிஷம் கொஞ்சம் நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

நான் கடிதம் எழுதுவது உனக்கே சிரிப்பாக இருக்கும். ஐந்தாவதோடு நின்றவள். உன்னை இடுப்பில் சுமப்பதற்காகப் படிப்பை விட்டேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தாள். உண்மை நம் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு வாய்ப்பாடு பிடிக்கவில்லை. இதில் பிழை இருந்தால் இருந்த இடத்திலிருந்தே சிவப்பு மையில் சுழித்துக்கொள்.

உன் பள்ளிக்கூடத்துத் தோட்டத்துக்குப் போர்டு வைத்துவிட்டார்கள். 'முருகேசன் ஆசிரியர் நினைவுத் தோட்டம்'. உன் போட்டோவும் அதில் உண்டு. நன்றாக வெள்ளையாக்கியிருக்கிறார்கள். ஓசூரில் நகைக்கடை வைத்திருக்கும் யாரோ ஒரு சேட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். பல்லைப் பார்த்துத்தான் நம் வீட்டு ஆள் என்று கண்டுபிடித்தேன்.

நல்ல செய்தி என்று நினைத்துவிடாதே. வயிற்றெரிச்சலைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இதைப் படிக்கிற மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பழைய பீரோவைச் சுத்தம் செய்தபோது உடைந்த தக்ளிகள் ஒரு குவியல் கிடைத்தன என்று ஒருநாள் ஓடிவந்தாய். பிள்ளைகள் நூல் நூற்ற சின்னக் கதிர். அன்றிலிருந்து வாயைத் திறந்தால் ஆதாரக் கல்வி, ஆதாரக் கல்வி. சுதந்திரத்துக்கு முன்னாலேயே யோசித்து வைத்த முறை, கை வேலையில் தொடங்கி அதிலிருந்தே கணக்கும் பாஷையும் வரவேண்டும், அதை நான் மறுபடி கொண்டுவரப் போகிறேன் என்றாய். நான் கேட்டேன், "ஏன்டா, நூல் நூக்கற நேரத்துக்கு ரெடிமேட் சட்டை எடுத்துட்டு வந்துடலாமேடா." நீ கோபித்துக்கொண்டு காப்பி குடிக்காமல் போனாய். சாயங்காலம் வந்து இரண்டாகக் குடித்தாய்.

தக்ளிக்குப் பதிலாக அவரைப் பந்தல் போட்டாய். பாத்தியை அளந்தால் பரப்பளவு. எருவை நிறுத்தால் எடை. காய் சத்துணவுச் சாம்பாருக்கு. பிறகு எல்லாரும் உட்கார்ந்து அன்றைக்குச் செய்ததை எழுதவேண்டும். யார் மண் வெட்டுகிறார்களோ அவர்களே எழுதவேண்டும், யார் எழுதுகிறார்களோ அவர்களே பாத்திரமும் கழுவவேண்டும் என்பது உன் சட்டம்.

அப்போது நான் ஒரு சந்தேகம் கேட்டேன். அது விளையாட்டுக்குக் கேட்டது இல்லை. "நம்ம தாத்தா மண்ணு வெட்டினாரு, அப்பன் வெட்டினாரு. இப்பதான் நீ ஒருத்தன் சாக்பீஸ் புடிச்சிருக்க. மறுபடியும் நம்ம பிள்ளைங்க கையில மண்வெட்டியைக் குடுக்கறியே, நியாயமாடா?" நீ காப்பி டம்ளரைக் கீழே வைத்தாய். முன்பு ஒரு காலத்தில் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று நம் மாநிலத்தில் ஒரு திட்டம் வந்ததையும் சனங்கள் அதை எதிர்த்து ஒழித்ததையும் சொன்னாய். "ஒழிச்சது சரிதான்க்கா. அதுல அப்பன் வேலை பிள்ளைக்கு. இதுல எல்லார் வேலையும் எல்லாப் பிள்ளைக்கும். அது வேற, இது வேற" என்றாய்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என் மகள் கீர்த்தனாவை உன் பள்ளியில் சேர்த்தேன். நீயும் உன் பெண்டாட்டி சுமதியோடு சண்டை போட்டு உன் மகள் யாழினியை அங்கேயே சேர்த்தாய். இரண்டு பேரும் இப்போது ஏழாவது. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

நீ போன பிறகு தோட்டம் புல் மண்டிக் கிடந்தது. இந்த வருடம் வந்த புதுத் தலைமையாசிரியை அதைத் திருப்பி எடுத்தார். நல்ல மனுஷி. அதுதான் என் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் ஒரு மூச்சுத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். ஏதோ ஒரு கம்பெனியிடம் பேசி மண்வெட்டி, பூவாளி, பச்சைக் கோட்டு எல்லாம் வாங்கினார். பாடம் முடிக்க நேரம் போதவில்லை என்று பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார். தோட்டக் குழு, பதிவுக் குழு.

கீர்த்தனா அன்றைக்குத் துள்ளிக்கொண்டு வந்தாள். "அம்மா, நான்தான் தோட்டக் குழு லீடர்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. போண்டா போட்டேன். லீடருக்கு இரண்டு, லீடரைப் பெற்றவளுக்கு நான்கு.

அவரைக்காய் அறுப்பன்று பெற்றோரைக் கூப்பிட்டார்கள். ரோஜாப் பண்ணையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். என் மகள் முழங்கால் வரை சேற்றில் நின்று வாய்க்கால் திருப்பிக்கொண்டிருந்தாள். உன் மகள் வேப்ப மர நிழலில் அட்டையும் பேனாவுமாக நின்றாள்.

"கீர்த்தி, எவ்ளோ ஆழம்?"

"ஒரு சாண்."

"சென்டிமீட்டர்ல சொல்லுடி."

"நீயே வந்து அளந்துக்கோடி."

யாழினி வரவில்லை. ஏதோ எழுதிக்கொண்டாள். பிறகு வந்தவர்களுக்கு முன்னால் இங்கிலீஷில் விளக்கினாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், நம் பிள்ளைதானே. கீர்த்தனா தூரத்தில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை என்னிடம் வந்தார். "உங்க பொண்ணு மண்வெட்டி பிடிக்கிற அழகே தனிங்க. பொறவியிலேயே வந்திருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. என் வாய் இருக்கிறதே, அது கோபத்தைக்கூட நேராகச் சொல்லாது. "ஆமா டீச்சர், பொறக்கறப்பவே கையில மண்வெட்டியோடதான் பொறந்தா. நர்சம்மா பயந்துட்டாங்க" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க வந்தா கலகலன்னு இருக்கு சரசம்மா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நின்று பார்த்தேன் முருகேசா. தோட்டக் குழுவில் இருப்பது யார்? பண்ணையில் என்னோடு பூக் கட்டுகிறவர்களின் பிள்ளைகள், லோடு ஏற்றுகிறவர் பிள்ளைகள், நம் தெருப் பிள்ளைகள். பதிவுக் குழுவில் கம்பெனி சூப்பர்வைசர் பிள்ளை, கடைக்காரர் பிள்ளை, வாத்தியார் பிள்ளை. விடியற்காலையில் பால் கறந்துவிட்டு வருகிற பிள்ளைகள்கூட, சொந்த நிலம் இருக்கிற வீடென்றால் பதிவுக் குழுவில்தான். யாரும் சாதி கேட்டுப் பிரிக்கவில்லை. "யாருக்கு இந்த வேலை பழக்கம்?" என்று கேட்டார்களாம். கை தூக்கினவர்கள் தோட்டத்துக்கு. அந்தக் கேள்வி ஒன்று போதாதா? மேலே போர்டில் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். அது வேற, இது வேற என்றாயே, இது எதுடா?

தெருவில் வந்து சொன்னேன். அது தப்பாகப் போயிற்று. எதிர்வீட்டு ரத்னம்மா அன்றைக்கே தோட்டத்தை மூடச் சொல்லி மனு எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏமி சரசு, நீயும் கையெழுத்துப் போடு. படிக்க அனுப்புனா புல்லு புடுங்க வைக்கறாங்க."

"மூட வேணாம் ரத்னா. மாத்திப் போடச் சொல்லணும். எல்லாரும் வெட்டணும், எல்லாரும் எழுதணும்."

"அவங்க பிள்ளைங்க வெட்டுவாங்களா? கனவு கினவு கண்டியா?"

"கண்டேன். அதுல நீ பச்சைக் கோட்டுப் போட்டுக்கிட்டு வந்த."

அவளும் சிரித்தாள். மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அவள் மேல் தப்பில்லை. பள்ளிக்கூடம் தோட்டத்தை இப்படியே வைத்திருக்கும், தெரு அதை இல்லாமலே ஆக்கும். நடுவில் நிற்கிற ஒருத்தியைப் பார்த்து இரண்டு பக்கமும் சிரிக்கிறது.

சுமதியிடமாவது சொல்லலாம் என்று போனேன். "யாழினி ஒரு நாள் வெட்டட்டும், கீர்த்தி ஒரு நாள் எழுதட்டும். டீச்சர்கிட்ட நீ சொன்னா கேப்பாங்க சுமதி" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. "வெயில்ல நின்னு நின்னுதான் அண்ணி அவருக்கு மார்வலி வந்துச்சு. எம் பொண்ணாவது நெழல்ல நிக்கட்டும்." என் பெண்ணுக்கும் அதே வெயில்தானே என்று கேட்க வாய்வரை வந்தது. அன்றைக்கு ஒருநாள்தான் என் வாயை நான் அடக்கினேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை யாழினி எங்கள் வீட்டுக்கு வந்தாள், எப்போதும் வருவதுதான். கொல்லைப்புறத்தில் அவரைக்குக் குழி எடுக்கவேண்டியிருந்தது. மண்வெட்டியை அவளிடமும் நோட்டைக் கீர்த்தனாவிடமும் கொடுத்தேன்.

"அத்தை, நான் பதிவுக் குழு."

"அது உங்க ஸ்கூல்ல. இங்க நான்தான் எச்.எம்."

யாழினி முகத்தைச் சுளித்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்தாள். கீர்த்தனா நோட்டைத் திறந்து வைத்துப் பேனாவைக் கடித்தாள். கடித்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா எழுதறது?"

"பாக்கறத எழுது."

"அதெல்லாம் யாழினிதான் எழுதுவா. எனக்கு வராதும்மா."

முருகேசா, அவள் போன வருடம் எனக்கே கதை எழுதிப் படித்துக் காட்டியவள். ஒரு பருவத்துக்குள் அவளுக்கு இதைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். பாடப் புத்தகத்தில் இல்லை, பரீட்சையில் கேட்கமாட்டார்கள், ஆனால் நன்றாகப் பதிந்துவிட்டது. எனக்கு வராது. எனக்கு அப்போது ஒரு ஜோக்கும் வரவில்லை.

யாழினி கையில் கொப்புளம் வந்துவிட்டது. ஊதிக்கொண்டே கேட்டாள், "அத்தை, கீர்த்தி தெனமும் இதச் செய்றாளா?" நான் பதில் சொல்லவில்லை. உன்னிடம் கற்றுக்கொண்டதுதான் அந்த வித்தை.

அந்த நேரத்தில்தான் கீர்த்தனா எழுந்து குழியை எட்டிப் பார்த்தாள். திரும்பி உட்கார்ந்து கடகடவென்று எழுதினாள். வாங்கிப் பார்த்தேன்.

'யாழினி வெட்டிய குழி ஆழம் போதாது. எரு போட இடம் இல்லை. மறுபடியும் வெட்ட வேண்டும்.'

யாழினி ஓடிவந்து படித்தாள். "ஏய், இத எழுதாதடி. டீச்சர் பாப்பாங்க."

"பாக்கட்டும்."

சாயங்காலம் சுமதி வந்து மகள் கையைப் பார்த்தாள். "இதுக்குத்தான் அனுப்புனேனா அண்ணி?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மகள் முந்திக்கொண்டாள். "அம்மா, ஆழம் பத்தலையாம். அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரணும்." சுமதி பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கொப்புளம் இல்லாத கையைத்தான் பிடித்திருந்தாள் என்பதைக் கவனித்தேன்.

இந்த வெள்ளிக்கிழமை தோட்டத்து வேப்ப மரத்தடியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். நானும் உறுப்பினர். நான் இருந்தால் பொழுது போகும் என்று சேர்த்திருப்பார்கள். ரத்னம்மா மனுவோடு வருகிறாள். டீச்சர் போட்டோக்களோடு வருவார். ஏதோ ஒன்று அன்றைக்கு முடிவாகிவிடும். மூடவும் வேண்டாம், இப்படி நடக்கவும் வேண்டாம், வாரத்துக்கு வாரம் குழுவை மாற்றுங்கள் என்று நான் சொல்லவேண்டும். சிரிக்காமல் சொல்லவேண்டும். பண்ணையில் பூக் கட்டும்போது பழகிப் பார்த்தேன். "ஒரு விஷயம் பேசணும்" என்றுதான் தொடங்கினேன், அதற்கே எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இத்தனை வருடம் சிரிக்க வைத்ததற்கு எனக்குக் கிடைத்த கூலியைப் பார்த்தாயா?

இருந்தாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை என் வாயிலிருந்து ஒரு ஜோக்கும் வராது. உன் போர்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன், அந்தப் பல்லைப் பார்த்தால் எனக்கு வாய் நிற்காது. கீர்த்தனாவைக் கூப்பிட்டு அவள் எழுதிய மூன்று வரியை அவளையே வாசிக்கச் சொல்வேன். அதற்கும் சிரித்தார்கள் என்றால், மண்வெட்டியை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு நோட்டை நான் எடுத்துக்கொண்டு நிழலில் போய் நிற்பேன். அவர் வெட்டி முடிக்கும்வரை நிற்பேன்.

இது ஜோக் இல்லையடா.

வாய்ப்பாடு தெரியாத,
உன்னை இடுப்பில் சுமந்த,
அக்கா சரசு