ஆட்டுக் கம்பியைத் தேடி உங்கப்பா மெல்பர்ன் சுற்றிய வாரம்

பிரெஸ்டன், மெல்பர்ன்
ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாய்க்கிழமை

என் கண்ணு எவாந்தியா,

இங்க நாங்க ரெண்டு பேரும் கை கால் சுகத்தோட இருக்கோம், எனக்கு வாய்க்கும் ஒரு குறையும் இல்ல. நீ அந்த நார்வேயில வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கிட்டு வெளியே போறேன்னு நம்பிக்கிட்டு இருக்கேன். நம்புறதுக்கு என்ன, காசா பணமா. இந்தக் கதையைப் போன்ல சொல்லியிருக்கலாம், ஆனா பாதியில சிரிச்சுடுவேன், இல்லன்னா அழுதுடுவேன், ரெண்டுக்கும் நடுவுல லைன் போய்க்கிட்டும் வந்துக்கிட்டும் இருக்கும். அதான் காப்பியைப் போட்டு வச்சுக்கிட்டு நிதானமா எழுத உக்காந்துட்டேன்.

போன மாசம் அப்பா எப்படி இருக்கார்னு கேட்டே, நல்லாத்தான் இருக்கார்னு சொன்னேன். பச்சைப் பொய். டிராம் ஓட்டுற வேலையை விட்ட கையோட டிப்போ சிநேகிதர் பாண்டெலிஸும் குளிர்காலத்துல போய்ச் சேர்ந்தாரா, அதோட உங்கப்பா வாசக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்னுட்டார். கடிதப் பெட்டி வரைக்கும் போறதுதான் பெரிய யாத்திரை. பகல் பூரா பைஜாமா, திரையை இழுத்து மூடின அறை, கேட்டா பதில் வராது, வந்தா அது பதிலா இருக்காது. மீசையை ஒதுக்கக்கூட மனசில்லாம விட்டுட்டார்னா பாத்துக்கோ, அந்த மீசைக்காகத்தான் நான் இவரைக் கட்டிக்கிட்டேன். டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, அம்மா இவரை எப்படியாவது வெளியே தள்ளுங்க, நாலு மனுஷங்க முகத்துல முழிக்கட்டும், இப்படியே உக்காந்திருந்தா ஆள் நம்ம கண்ணு முன்னாடியே கரைஞ்சு போயிடுவார்னார். உங்கிட்ட சொன்னா நீ விமானம் ஏறிடுவேன்னுதான் சொல்லல. நீ பிறந்தநாளைக்கு அனுப்பின மெல்பர்ன் சுற்றுலாப் புத்தகம் இருக்கே, பளபளன்னு அட்டை போட்டது, அதையாவது பாக்கட்டும்னு மடியில வச்சேன். நாலு பக்கம் புரட்டினார். சந்துல சுவத்துல கிறுக்கினதையெல்லாம் படம் புடிச்சுப் போட்டிருக்கான், டிராம் நிக்கிற இடத்தைத் தப்பாப் போட்டிருக்கான், காலமெல்லாம் இந்த ஊரை முதுகுக்குப் பின்னாடி ஏத்திக்கிட்டுப் போனவனுக்கு இவன் ஊரைக் காட்டுறானாக்கும்னு மூடி வச்சுட்டார். சும்மா சொல்லக்கூடாது, ஆறு மாசத்துல அவர் பேசின பெரிய பேச்சு அதுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நம்ம கிரேக்க சர்ச் கணக்குப்படி புனித வாரம் திங்கட்கிழமை, நம்ம தெருவுல நகராட்சி வந்து பழைய சாமான் எடுக்கிற வாரம். வாசல் புல்லுல எதை வச்சாலும் அது ஊர்ச் சொத்துன்னு உனக்குத் தெரியாததா, உன் முதல் சைக்கிளே அப்படி வந்ததுதானே. எல்லாரும் உடைஞ்ச சோபாவும் ஊதிப்போன மெத்தையுமா அடுக்கி வச்சிருக்காங்க. உங்கப்பா மத்தியானம் கொட்டகைக்குள்ள போனார், ஈஸ்டர் ஆடு சுடுற கம்பியை மோட்டாரோட, தாங்குற காலோட தோள்ல போட்டுக்கிட்டு வந்தார், புல்லுல கிடத்தினார். நான் பின்னாடியே ஓடினேன். என்னங்க இதுன்னேன். இந்த வருஷம் ஈஸ்டர் கிடையாது, பொண்ணு இல்ல, பாண்டெலிஸ் இல்ல, யாருக்கு ஆடு, நீயும் நானும் ஒரு முழு ஆட்டைத் தின்னுட்டு எங்க போய்ப் படுக்கிறதுன்னார். சொல்லிட்டுத் திரையை இழுத்து மூடிட்டார். அவரோட சண்டை போட எனக்கு நாக்கு துறுதுறுன்னுதான் இருந்துச்சு. ஆனா வாசல்ல அப்பவே ஒரு வேன்காரன் மெதுவா ஓட்டிக்கிட்டு நோட்டம் விட்டுக்கிட்டு இருந்தான். உடனே ஸெலுவுக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரி சமையல்கட்டுல என்னோட வேலை பாத்தாளே, டோங்கா தீவுக்காரி, அவ புருஷன் வில்லியாமி எங்கேயோ பக்கத்துலதான் லாரியோட நின்னிருக்கான். வந்தான், எடுத்தான், போயிட்டான். பத்திரமா வச்சிரு, ஞாயித்துக்கிழமைக்குள்ள வாங்கிக்கிறேன்னுதான் முதல்ல சொன்னேன். சத்தியமா அப்ப மனசுல வேற திட்டம் எதுவும் இல்ல.

மறுநாள் காலையில உங்கப்பா பைஜாமாவோட, பூனை மாதிரி அடி வச்சு, புல்லுப் பக்கம் போறார். நான் சமையலறை ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருக்கேன். கம்பி இல்ல. குனிஞ்சு பக்கத்து வீட்டு மெத்தையைக்கூடத் தூக்கிப் பாத்தார். உள்ளே வந்து மூஞ்சி வெளுத்து நின்னார், ஆனா என்னைக் கேக்க வழியில்ல, ஏன்னா தூக்கிப் போட்டது அவர்தானே. அப்பத்தான் எனக்குள்ள ஒரு குட்டிப் பிசாசு முழிச்சுக்கிச்சு. ரொட்டியை வெட்டிக்கிட்டே, யாரோ டோங்காக்காரங்க லாரியில ஏத்தினதைப் பாத்தேன், சன்ஷைன் பக்கத்து சர்ச் பேரு லாரியில எழுதியிருந்துச்சுன்னு சொன்னேன். காரை எடுக்கப் போனார். சாவியைக் காணோம். எப்படிக் கிடைக்கும், கொண்டைக்கடலை டப்பாவுக்குள்ள இருக்கே. புலம்பிக்கிட்டே பேன்ட்டை மாட்டினார். எவாந்தியா, அவர் பெல்ட்டுக்குப் புதுசா ஒரு ஓட்டை போட வேண்டியிருந்துச்சு, அவ்வளவு இளைச்சிருக்கார், அதைப் பாத்ததும் நான் ரொட்டித் துணியாலயே கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். அவர் டிராம்ல ஏறினதும் ஸெலுவுக்கு அடுத்த போன்: கம்பியை ஃபுட்ஸ்கிரேக்கு, நம்ம சமையல்கட்டு வியட்நாம்காரி துயெத் வீட்டுக்கு அனுப்பிடு, வர்றவரைச் சும்மா திருப்பி அனுப்பாதே.

ஸெலு சும்மா அனுப்புறவளா. சர்ச் கூடத்துல பாட்டுப் பயிற்சி நடந்துக்கிட்டு இருந்திருக்கு. பக்கத்துல பன்னி வெந்துக்கிட்டு இருக்கு, வாசனை மூக்கைத் துளைக்குது, இவரோ நோன்பு. ஒரு பெரிய தட்டை நீட்டியிருக்காங்க. எங்களுக்குப் புனித வாரம்னு சொன்னதும் யாரும் வற்புறுத்தல, ஐயோ பாவம், எங்க ஈஸ்டர் போன வாரமே முடிஞ்சுதே, நீங்க இன்னுமா பட்டினின்னு கேட்டுட்டு, அவிச்ச கிழங்கைக் குடுத்து உக்கார வச்சிருக்காங்க. கட்டைக் குரல் பாடுறவன் அன்னைக்கு வரல. இவர் சும்மா தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான், நாலு பேர் சேந்து தூக்கிக் கடைசி வரிசையில நிறுத்திட்டாங்க. பாஷை தெரியாம எப்படிங்க பாடினீங்கன்னு சாயங்காலம் கேட்டேன். ஆமென் மட்டும் நான் பாத்துக்கிட்டேன்னார். பாத்திரம் கழுவும்போது அந்தப் பாட்டை முணுமுணுத்தார், நான் குழாயை மூடிட்டுக் கேட்டேன்.

புதன்கிழமை காலையில நான் எழுப்பவே இல்ல, அவரே மீசையை ஒதுக்கிட்டு, ஃபுட்ஸ்கிரேக்குப் போறேன், கம்பி அங்க போயிடுச்சாமேன்னார். கிளம்பும்போது வெயில், ரயில் மாறும்போது ஆலங்கட்டி மழை, இறங்கும்போது திரும்ப வெயில், நம்ம ஊர் நம்ம ஊர்தான். துயெத் புருஷன், காய்ன்னு பேரு, காய்கறி மார்க்கெட் வாசல்ல கிழவங்களோட சதுரங்கம் ஆடுவான், அவங்க ஊர் சதுரங்கம், குதிரை யானையெல்லாம் வட்டவட்ட வில்லையா இருக்கும், பலகைக்கு நடுவுல ஒரு ஆறும் வரைஞ்சிருக்கும். கம்பியைப் பத்திக் கேக்கப் போனவர் ஆட்டத்தை எட்டிப் பாத்திருக்கார். இந்த யானை ஏன் ஆத்தைத் தாண்டலன்னு கேட்டிருக்கார். தாண்டக்கூடாதுன்னு காய் சொல்லியிருக்கான். அப்புறம் எதுக்குய்யா யானைன்னு இவர். சுத்தி நின்ன கிழவங்க எல்லாம் ஒரே சிரிப்பாம். உக்காந்துட்டார். ஆடின எல்லா ஆட்டத்துலயும் தோத்தாராம், ஒருத்தன் தோள்ல தட்டி, நீ டிராமே ஓட்டிக்கிட்டு இருந்திருக்கலாம்னானாம். இதையெல்லாம் என்கிட்ட கோபமாத்தான் சொன்னார், ஆனா கண்ணு ரெண்டும் சிரிச்சுது. கம்பி டாண்டினாங்குக்கு, மாசூமா வீட்டுக்குப் போயிடுச்சு, நாளைக்குப் போய் எடுத்துட்டு வர்றேன்னு அடக்கமாச் சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டார். அந்த அடக்கத்துலயே நான் உஷாராகியிருக்கணும்.

பெரிய வியாழன் எனக்கு முட்டைக்குச் சிவப்புச் சாயம் போடுற நாள். மாசூமாவும் எங்க சமையல்கட்டுக்காரிதான், ஆப்கானிஸ்தான் ஹசாரா பொண்ணு, முஸ்லிம் வீடு, அதனால பன்னியைக் கம்பிக்குப் பக்கத்துலகூடக் கொண்டு போகலன்னு ஸெலுகிட்ட முன்னமே சத்தியம் வாங்கித்தான் அங்க அனுப்பினேன், நம்ம கம்பியும் ஆட்டைத் தவிர வேற எதையும் கண்டதில்ல. மத்தியானத்துக்குள்ள திரும்பிடுவார்னு கணக்கு. வரல. போன் போட்டா அணைச்சு வச்சிருக்கு. மாசூமாவுக்குப் போட்டேன், அப்பவே கிளம்பிட்டாரே அக்கான்னா. துயெத்துக்குப் போட்டேன், இங்க வரலையேன்னா. ஸெலுவும் அதையேதான் சொன்னா. வெயில் சாய ஆரம்பிச்சதும் சாயத்தை அப்படியே விட்டுட்டு வாசலுக்கு ஓடினேன். பாண்டெலிஸ் டிராம் நிறுத்தத்துலதானே விழுந்து செத்தார். நல்லா வீட்டுல உக்காந்திருந்த மனுஷனைத் துரத்தி விட்டேனே, பாவி, ஏதாவது ஒண்ணுன்னா உன் முகத்துல எப்படி முழிப்பேன்னு வாசல்ல நின்னு அழுதேன். கையெல்லாம் முழங்கை வரைக்கும் சிவப்பு. எதிர்வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை இழுத்துக்கிட்டு வந்தவர் என்னைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டார், ஸ்டமாடியா, உன் புருஷன் தனாசிஸை என்ன பண்ணினே நீன்னு கேட்டார்.

அப்பத்தான் தெருமுனையில டிராம் நின்னுது. முதல்ல கம்பி இறங்குச்சு. ரொம்ப நேரம் கம்பி மட்டும்தான் இறங்கிக்கிட்டே இருந்துச்சு. அதுக்கப்புறம் மோட்டாரைக் கக்கத்துல வச்சுக்கிட்டு உங்கப்பா. டிராம் ஓட்டுறவர் மணியை அடிச்சு, தனாசிஸ், உன் காலத்துல இப்படி ஒருத்தன் ஏற வந்தா பாதி வழியில இறக்கி விட்டிருப்பியேன்னு கத்துறார், இவர் கம்பியாலேயே சலாம் போடுறார். ரயில்ல வரும்போது ஃபுட்பால் பாக்கப் போற கூட்டம், கறுப்பு வெள்ளைத் துண்டுக்காரங்க, கொடியைக் கட்ட இந்தக் கம்பியைக் கேட்டாங்களாம், குடுத்தாராம். நான் ஓடிப் போய் ரெண்டு கையாலயும் சட்டையைப் புடிச்சுக்கிட்டேன், சட்டை பூரா சிவப்பு. எங்க போனீங்க, போனை ஏன் அணைச்சீங்கன்னு கத்தினேன். ரெண்டு நாளா நான் தேடினேன்ல, கிழவி, இன்னைக்கு நீ கொஞ்சம் தேடுன்னார்.

உங்க வீட்டம்மா இப்பத்தான் போன் பண்ணினாங்கன்னு காய் புதன்கிழமையே உளறிட்டானாம். இவர் வாயைத் திறக்காம இருந்துக்கிட்டு, வியாழக்கிழமை காலையில மாசூமாவைப் புடிச்சு, அவ துயெத்துக்குச் சொல்லி, துயெத் ஸெலுவுக்குச் சொல்லி, நான் பாத்துப் பாத்துக் கட்டின கூட்டணி மொத்தமும் என் தலைக்கு மேலயே அவர் பக்கம் தாவிடுச்சு. மாசூமா புருஷன் கம்பரோட ரொட்டிக் கடையிலதான் பொழுது சாய்ற வரைக்கும் உக்காந்திருந்திருக்கார். ஆட்டை முழுசாச் சுடுறதா, துண்டு போட்டுக் குத்திச் சுடுறதான்னு ரெண்டு பேருக்கும் சண்டை. டீ குடிச்சுக் குடிச்சு வயிறு ரொம்பினதுதான் மிச்சம், தீர்ப்பு வரல, அதனால ஞாயித்துக்கிழமை ரெண்டு மாதிரியும் சுட்டுப் பாத்துடுறதுன்னு முடிவாம். யார் வீட்டுலன்னேன். நம்ம வீட்டுலதான், எல்லாரையும் வரச் சொல்லிட்டேன்னார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறி, திட்டுறதுக்கு வாயைத் திறந்தேன். அவர் கம்பியைச் சுவத்துல சாத்திட்டு என் சிவப்புக் கையைப் புடிச்சுக்கிட்டார். எனக்காக நீ இத்தனை பொய் சொல்லுவேன்னு தெரிஞ்சிருந்தா அந்தக் கம்பியைப் போன வருஷமே தூக்கி வெளியே வச்சிருப்பேன்டின்னார். அதுக்கு மேல என்னத்தைத் திட்ட.

ஞாயித்துக்கிழமை நம்ம கொல்லையைப் பாத்திருக்கணும் நீ. கம்பர் தனக்குத் தெரிஞ்ச ஹலால் கசாப்புக் கடையில சொல்லி ஆடு வாங்கிட்டு வந்தான், அப்பத்தான் எல்லாரும் சாப்பிடலாம். ஸெலு வீட்டுல இருந்து எத்தனை பேர் வந்தாங்கன்னு இன்னும் தெரியல, வில்லியாமி ஒருத்தனே உன் பழைய கட்டில்ல உக்காந்து அதை உடைச்சுட்டான், மன்னிச்சுக்கோ. துயெத் மீன் சாஸ் கொண்டு வந்து, உங்கப்பா பாக்காத நேரத்துல ஆட்டு மேல ஊத்தினா. இந்த வருஷம் ஆடு பிரமாதம், எலுமிச்சைதான் காரணம்னு அவர் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தார். சிவப்பு முட்டையை மோதி உடைக்கிறதுல மாசூமா மாமியார் எல்லாரையும் ஜெயிச்சுட்டா. கல் முட்டை வச்சிருந்தாளோன்னு எனக்குச் சந்தேகம், சோதிச்சுப் பாக்க விடல. உனக்கு ஒரு தட்டு எடுத்து வச்சார் உங்கப்பா, கண்ணு கலங்கிச்சு, கலங்கினதை மறைக்கல, அப்புறம் அதையும் வில்லியாமிக்கே குடுத்துட்டார்.

சரி, புத்திமதிக்கு வர்றேன். கம்பளிச் சட்டையைத் துவைக்கிறேன்னு சுருக்கித் தொலைக்காதே. அந்த ஊர்ல ஈஸ்டருக்கு உன்னைக் கூப்பிட ஆள் இல்லன்னு சொன்னியே, நீ கூப்பிடு, வந்துட்டுப் போறாங்க. அங்க வாசல்ல எதையாவது வச்சா யாராவது எடுப்பாங்களான்னு கேட்டு எழுது. தேவமாதா உன்னை ராத்திரி பகல் பாக்காமக் காப்பாத்தட்டும், உன் கையில பட்டதெல்லாம் விளங்கட்டும். ஒண்ணு மட்டும் மறந்துடாதே: அப்பாவோட பேசணும்னா இனிமே இங்க இருட்டினதுக்கு அப்புறம் கூப்பிடு. பகல்ல ஆள் வீட்டுல இருக்கறதில்ல.

ஆயிரம் முத்தத்தோட,
உன் அம்மா
ஸ்டமாடியா