சைக்கிளுக்குத் தேங்காயெண்ணெய்

குடவாசல்,
தை மாதக் கடைசி.

அன்பு மகள் பர்வினுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் அம்மாவும் உன் தம்பி அஸாரும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் மணிக்கட்டு எலும்பு கூடி, மாவுக்கட்டைப் பிரித்து, அந்தக் கையால் நீ பழையபடி பின்னல் போட்டுக்கொண்டாய் என்ற செய்தி வந்தால்தான் எங்கள் நலமும் முழு நலமாகும். நேற்றுதானே போனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், பக்கத்திலேயே நிற்கிறாள். நான் சொல்ல வேண்டியதோ அவளைப் பற்றியது. உனக்கு ஒரு விஷயம் எழுதச் சொல்லி அவளும் கேட்டிருக்கிறாள். அதையும் எழுதுகிறேன், அதற்கு மேலும் கொஞ்சம் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஊர்ச் செய்தி முதலில். சம்பா அறுவடை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. நம் வயலைக் குத்தகைக்குப் பார்க்கும் காத்தாயிக்கு இந்த முறை அறுப்பு மிஷின் தாமதமாகத்தான் கிடைத்தது, அறுத்த நெல்லும் மூடுபனியில் நனைந்து, ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டார்கள். அதனால் அவளும் மற்றவர்களைப்போலத் தார்ரோட்டிலேயே காயப்போட்டிருக்கிறாள். நான் கடைத்தெருவுக்குச் சைக்கிளில் அந்த நெல்லின்மேல் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன், பள்ளிக்கூடத்துக்கு நீயும் அப்படிப் போனவள்தானே. நெல்மேல் போகும்போது ஹேண்டில்பாரை வெடுக்கென்று திருப்பக் கூடாது, முன்பிரேக்கைத் தொடக் கூடாது, மிதிப்பதையும் நிறுத்தக் கூடாது, சக்கரம் அதன்பாட்டுக்கு ஓடி அந்தப் பக்கத் தாருக்கு வந்துவிடும். பயந்து பிரேக் பிடித்தவர்கள்தான் விழுந்திருக்கிறார்கள். புதிதாகக் கொட்டிய பனியில் ஓட்டுவதும் அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம், தவறென்றால் திருத்து, நான் அந்தப் பனியைப் படத்தில் பார்த்ததோடு சரி. காத்தாயி என்னைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரய்யா, மிதிக்கிறதுதான் மிதிக்கிறீங்க, அப்படியே திரும்பி வந்து இந்தப் பக்கமும் ஒருவாட்டி மிதிச்சுட்டுப் போங்க, கெளர்ற வேலை எனக்கு மிச்சம்" என்றாள். நானும் திரும்பிப் போய் மிதித்துவிட்டுத்தான் வந்தேன்.

இனி உன் விஷயம். நீ சொன்னதையெல்லாம் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். பின்லாந்தில் உன் ஓலு நகரத்தில் குளிர்காலத்திலும் ஆட்கள் சைக்கிளில் போகிறார்கள், பாதையில் பனியை வழித்துவிடுகிறார்கள், உன் டயரில் சின்னச் சின்ன ஆணிகள் பதித்திருக்கிறது, முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் உன் நர்ஸ் வேலைக்குச் சைக்கிள்தான் தோது. இதுவரை சரி. பின்சக்கரத்தில் செயின் மாட்டுகிற ஃப்ரீவீல் கீச்கீச்சென்று கத்துகிறது என்று நீ சொன்னபோது அம்மா, "தேங்காயெண்ணெய ரெண்டு சொட்டு விடுடி, கதவுக் கீலே அதுக்கு அடங்குது" என்றாள். நானும் பக்கத்திலிருந்து ஆமாம் என்று தலையாட்டினேன். நீ, பேராவூரணிப் பெரியம்மா செக்கில் ஆட்டிக் கொடுத்து அம்மா உன் பெட்டியில் வைத்த அந்த எண்ணெயை எடுத்து, தலைக்கு வைப்பதற்குச் செய்வதுபோலவே பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி உருக்கி, வீட்டுக்குள் இருந்த சைக்கிளுக்குத் தாராளமாக ஊற்றிவிட்டாய். கட்டியாக இருப்பதை உருக்கித்தானே ஊற்றுகிறோம், வெளியே போனால் மறுபடி கட்டியாகிவிடாதா என்று நம் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மார்கழி வந்தால் இங்கேயே அந்த எண்ணெயை வெயிலில் வைத்து எடுக்கிற குடும்பம் நாம். மறுநாள் காலை நாற்சந்தியைக் கடக்க நீ மிதியை அழுத்த, உறைந்த எண்ணெயில் ஃப்ரீவீல் பிடிக்காமல் மிதி காலியாகச் சுற்ற, பக்கவாட்டில் சாய்ந்து இடது கையை ஊன்றிவிட்டாய். வந்த பஸ் நின்றது, டிரைவரே இறங்கி வந்து உன்னைத் தூக்கிவிட்டார். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. அம்மா ஐந்து வேளையும் அவருக்காகத் துஆ கேட்கிறாள்.

விழுந்ததை எல்லோரிடமும் சொன்ன நீ, எண்ணெய் விஷயத்தை மட்டும் எனக்குத் தனியாகச் சொல்லி, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அஸாருக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறாயே, அதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா. அவனுக்கு எதையும் சிரிப்பாக்காமல் இருக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். சாப்பிட உட்கார்ந்தவன், "அம்மா, ஒங்க எண்ணெய் பின்லாந்துல பஸ்ஸையே நிறுத்திடுச்சும்மா" என்றான். அம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு "என்னடா சொல்ற" என்று கேட்க, அவன் முழுவதையும் நடித்தே காட்டினான். நான் காலால் இடித்ததை, "ஏன் அத்தா ஒதைக்கிறீங்க" என்று அதையும் சத்தமாகக் கேட்டான். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினான். பாவம், இப்போது அவனே வருத்தப்பட்டுக்கொண்டு திரிகிறான்.

அம்மா அழவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. ஆனால் அன்று முதல் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. நெல் சாக்கு கேட்க வந்த காத்தாயி, "என்ன பீவியம்மா, வூட்டுல எண்ணெய்க்குப் பஞ்சமா, தல இப்படிப் பறக்குது" என்று கேட்டபோதும் சாக்கை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டாள். போனிலும் நீ கவனித்திருப்பாய். முன்பெல்லாம் உன்னிடம் காதைக் கட்டிக்கொள், ஈரக் காலுறையை மாற்று, மிளகை இடித்துப் போட்டு ரசம் வை என்று மூச்சுவிடாமல் சொல்வாள், நீயும் சரி சரி என்று அலுத்துக்கொள்வாய். இப்போது "சாப்பிட்டியாம்மா" என்று ஒரு வார்த்தை, அப்புறம் "இந்தாங்க, நீங்க பேசுங்க" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே நிற்கிறாள். அவள் எழுதச் சொன்னது இதுதான்: "வேலைய வுட்டுட்டு வந்துடச் சொல்லி எழுதுங்க. நான் சொன்னா நிக்காது, நீங்க சொன்னா கேப்பா." அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

இனி நான் சொல்வது. நீ வேலையை விட வேண்டாம். வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கில் ஒரு வரியைத் தப்பாகப் போட்டால் அந்த வரியைத்தான் அடித்துக் காட்டுவேன், இனிமேல் கணக்கே போடாதே என்று ஒருவரையும் அனுப்பியதில்லை. இங்கே தப்பான வரி எண்ணெய் மட்டும்தான். நீ வரும் நேரம் பார்த்து ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார் என்று ஒரு அம்மாளைப் பற்றிச் சொல்வாயே, இந்த நாட்களில் அவர் வீட்டுக்கு யார் போகிறார்கள், அடுத்த முறை பேசும்போது சொல். கட்டுப் பிரித்த உடனே சைக்கிளில் ஏறிவிடாதே, டாக்டர் சொல்லட்டும், அதுவரை பஸ்ஸில் போ. ஃப்ரீவீலைக் கடையில் கொடுத்துப் பழைய எண்ணெய் முழுவதும் போகக் கழுவித் தரச் சொல். ஈரமான சைக்கிளை வீட்டுச் சூட்டில் வைத்து உடனே வெளியே எடுக்காதே, உருகி உள்ளே இறங்கும் தண்ணீர் மறுபடி உறைந்து அதுவும் இதே வேலையைச் செய்யும், நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு எடு. பனி உருகி மறுபடி கண்ணாடியாக இறுகிக் கிடக்கும் நாளில் சைக்கிள் வீட்டிலேயே இருக்கட்டும். ஊரே ஓட்டினாலும் அன்றைக்கு நீ ஓட்ட வேண்டாம்.

இதுவரை எழுதி மூடி வைத்துவிட்டு லுஹர் தொழுகைக்குப் போய் வந்தேன். குளிர்ந்த தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால், ஃப்ரீசரில் கறி வைக்கிற இடத்தில் நான்கு சின்னக் கிண்ணங்கள். ஒன்றில் தேங்காயெண்ணெய், ஒன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் விளக்கெண்ணெய், இன்னொன்றில் அவள் தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய். அம்மா பின்னாலேயே வந்து, "மூடுங்க, மூடுங்க, குளுரு போயிடும்" என்றாள். பிறகு அவளே ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் சாய்த்துக் காட்டி, "எது ஓடுது பாருங்க" என்றாள். ஒரே ஒரு கிண்ணத்தில்தான் எண்ணெய் சரிந்து ஓடியது. என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் எழுப்பி நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொல்லியிருப்பேன். "நீயே பர்வினுக்குப் போன் போட்டுச் சொல்லேன்" என்றேன். "நீங்களே எழுதிடுங்க. நான் சொல்ற எண்ணெய அவ இனிமே தொடுவாளா" என்று சொல்லிவிட்டுக் கிண்ணங்களை மறுபடி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ மறுபடி விழுந்துவிடுவாய் என்ற பயம் அவளுக்கு இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம், இனி நீ அவளிடம் எதையும் கேட்கமாட்டாய் என்பது. பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கையால் ஏதாவது செய்துவிடலாம், அத்தனை தூரத்தில் இருப்பவளுக்குச் சொல் ஒன்றைத்தானே கொடுக்க முடியும், அதுவும் தப்பாகப் போய்விட்டதே என்றுதான் உன்னை வரச் சொல்கிறாள்.

ஆகவே எந்தக் கிண்ணத்து எண்ணெய் ஓடியது என்று நான் எழுதப் போவதில்லை. நீ அவளிடம் கேள். அங்கே கடைகளில் குளிருக்கென்றே சைக்கிள் எண்ணெய் விற்பார்கள், உனக்கும் இதற்குள் தெரிந்திருக்கும், எனக்கும் தெரியும். இருந்தாலும் கேள்.

நோன்பு வரப்போகிறது. அல்லாஹ் உனக்கு உடல் வலுவையும், போகிற வழியெல்லாம் பாதுகாப்பையும், உன் கைபட்ட முதியவர்களின் துஆவையும் தருவானாக. அஸார் உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னான், காத்தாயியும் விசாரித்தாள். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் வந்த அன்றைக்கே அம்மாவின் நம்பருக்குப் போன் போடு. அவள் சொல்ல ஆரம்பித்தால் நான்கு கிண்ணத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்வாள், நேரமாகும். நடுவில் "தெரியும்மா" என்று மட்டும் சொல்லிவிடாதே.

என்றும் உன் நலம் கேட்கும்
அத்தா,
அப்துல் மஜீது.