சுவர் விழும் காட்சி

அன்புள்ள அண்ணனுக்கு,

பொடிசு எழுதிக்கொள்வது. நீ நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். குளியலறையில் தாழ் போட்டுவிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவின் குறட்டை நிற்கும்வரை எழுதலாம்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை ரயிலில் அப்பா அங்கே வருகிறார். அதற்குள் நீ அந்த அறையைக் காலி செய்துவிட வேண்டும்.

நீ உருவாக்கும் கணினி விளையாட்டின் முன்னோட்டத்தைப் போன வாரம் இணையத்தில் போட்டாய் அல்லவா? அதில் சுவர் விழும் காட்சி நான் அனுப்பியது. நீ புதிதாக எதைச் செய்தாலும் நான் ஓட்டிப் பார்த்து, கோளாறு இருந்தால் திரையைப் பதிவு செய்து அனுப்புவதுதானே நம் வழக்கம். செங்கல் துகள் துகளாக உதிர்கிறதா என்று பார்க்க, நம் கூடத்தையே அடிக்கோலால் அளந்து விளையாட்டுக்குள் கட்டினேன். நாற்காலியில் ஓர் ஆள் பொம்மையை உட்காரவைத்துச் சுவரைத் தள்ளினேன். சுவர் மாவாகச் சரிந்தது. ஆள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஏழு தடவை தள்ளியும் அப்படியே இருந்தான்.

மைக் திறந்திருந்தது எனக்குத் தெரியாது. கல் விழும் சத்தத்துக்கு அடியில் என் குரல் இருந்தது உனக்கும் கேட்கவில்லை போல. சரிவு அழகாக இருக்கிறது என்று அப்படியே சேர்த்துவிட்டாய். "இந்த ஆளு இன்னும் சாகலையே அண்ணா" என்று நான் சொல்வது காதுகொடுத்தால் தெளிவாகவே கேட்கிறது.

அப்பாவுடன் பட்டறையில் வெல்டிங் செய்பவருக்கு, எதையாவது உடைக்கிற வீடியோ என்றால் பைத்தியம். நம் கூடத்தில் உட்கார்ந்து குடிப்பவர்தானே, பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். "இது உங்க வீடுதானப்பா? பேசுறது உன் பொண்ணு மாதிரியே இருக்கு" என்று பட்டறையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

அப்பா வந்து என் பள்ளிப் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். எந்த ஆள் சாகவில்லை என்று கேட்டார். பொம்மை என்றேன். "பொம்மைக்கு எதுக்குடி என் நாற்காலி?" என்றார். சுத்தியலால் மடிக்கணினியை அடித்தார். உன் விளையாட்டில் கண்ணாடி ஒரே அளவுத் துண்டுகளாக உடைகிறது. நிஜத்தில் அப்படி இல்லை. முதலில் பெரிய துண்டுகள், பொடி கடைசியில்தான். அதைத் திருத்திவிடு.

நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். தெரியாது என்றேன். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். அப்போதும் தெரியாது என்றுதான் சொன்னேன், அண்ணா. பிறகு அவர் அம்மாவை இழுத்துவந்து, அவள் விரல்களைக் கதவிடுக்கில் வைத்தார். சொல்கிறாயா, சாத்தட்டுமா என்றார். "சொல்லாதடி" என்றாள் அம்மா. நான் சொல்லவில்லை. அவர் சாத்தினார். மறுபடி திறந்து, அதே விரல்களைத் திரும்ப வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது தடவையும் சாத்திவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தெருப் பெயர், கீழே அச்சகம், மாடியில் இரண்டாவது கதவு, எல்லாம்.

விளையாட்டில் ரத்தத்தை நீ தண்ணீர் மாதிரி ஓடவிட்டிருக்கிறாய். அது ஓடுவதில்லை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, ஓரத்திலிருந்து காய்கிறது. நான்தான் துடைத்தேன்.

ஆஸ்பத்திரியில் காற்றுக்குக் கதவு அடித்துவிட்டது என்றாள் அம்மா. "காத்து ரெண்டு தடவை அடிச்சுதாம்மா?" என்று கேட்டாள் கட்டுப் போட்ட நர்ஸ். அம்மா ஆமாம் என்றாள். இரண்டு விரல்களை இனி மடக்க முடியாதாம். வீட்டுக்கு வந்து இடது கையால் சமைத்தாள். அப்பா உப்பு போதவில்லை என்றார்.

பட்டறையிலிருந்து பெரிய குழாய் ஸ்பேனரைக் கொண்டுவந்து, இரண்டு சட்டைகளுக்கு நடுவே பையில் வைத்திருக்கிறார். "கை இருந்தாத்தானே கம்ப்யூட்டரைத் தட்டுவான்" என்றார். போன தடவை உன் இடது மணிக்கட்டை உடைத்ததோடு விட்டார். இந்தத் தடவை அப்படி விடமாட்டார். அடுத்த மாதம் வெளியிட வேண்டிய விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பு. மேசை, மானிட்டர் எதையும் பார்க்காதே.

என் கைபேசி அப்பாவிடம் இருக்கிறது. உன் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. விளையாட்டில் கோளாறு சொல்லும் பெட்டியை நீ தினமும் திறப்பாய் என்பது தெரியும். நாளை பள்ளியில் பக்கத்து பெஞ்சுக்காரி இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து அதில் போட்டுவிடுவாள்.

உனக்கு என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். அதையும் எழுதி அனுப்பாதே. என்னைக் கூட்டிப்போக வருகிறேன் என்று கிளம்பிவிடாதே, அம்மாவைத் தனியாக விட்டு என்னால் வரமுடியாது. எங்கே போகிறாய் என்று மட்டும் எனக்குச் சொல்லவே சொல்லாதே, அண்ணா. தெரிந்தால் நான் சொல்லிவிடுவேன்.

எங்கே இருந்தாலும் நீ நல்லா இரு.

உன்
பொடிசு