தனித்தனியாகக் கேட்டார்கள்

ஜூலை 14, திங்கள்

பள்ளியில் புதிதாக 'ஆங்கிலக் கழகம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். நான் சாக்பீஸால் அதை 'ஆங்கிலக் கலகம்' என்று திருத்தினேன். கைலாசம் சார் யாரையும் விசாரிக்கவில்லை. நேராக என் பெஞ்சுக்கு வந்து நின்றார்.

"கலகம் பண்ணத்தானே ஆசை? மேடையில வந்து பண்ணு."

தலைப்பு: வட அயர்லாந்து மக்கள் ஐரிஷ்காரர்களா, பிரிட்டிஷ்காரர்களா? ஐரிஷ் என்று நான் பேச வேண்டும். பிரிட்டிஷ் என்று பேசுவது மாதேஷ். என் பக்கத்து பெஞ்ச், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி வீட்டுப் பையன். போர் போடுவது அவர்கள் குடும்பத் தொழில். பேச ஆரம்பித்தால் அவனும் அதைத்தான் செய்வான்.

"அயர்லாந்து எங்கடா இருக்குது?" என்றான்.

"அதுகூடத் தெரியாம நீ பிரிட்டிஷா?"

"சார் சொன்னாரு, நான் பிரிட்டிஷ். அவ்வளவுதான் மாப்ள."

ஜூலை 20, ஞாயிறு

இன்று செக்கிங். மாதம் ஒருமுறை அதிகாரி எங்கள் அகதி முகாமுக்கு வந்து வீடு வீடாகத் தலை எண்ணுவார். வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். லாசர், மரியபுஷ்பம், ரூபன். அப்பா, அம்மா, நான். ஒரு தலை குறைந்தால் அந்த மாதம் முழு வீட்டுக்குமே உதவித்தொகை கிடையாது. முகாமின் அடுத்த லைன் வீடுகளில் ஒரு அண்ணன் பெயிண்ட் வேலைக்குப் போன இடத்தில் பஸ்ஸை விட்டுவிட்டார். அவருடைய கைக்குழந்தை பெயரில் வருவதுகூட நின்றுபோனது.

அப்பா மன்னாரிலிருந்து படகில் வந்தபோது மூன்றாம் வகுப்பு. நான் பிறந்தது திருச்செங்கோடு அரசு ஆஸ்பத்திரியில். காகிதத்தில் நானும் இலங்கை அகதி. இலங்கையை நான் பார்த்ததெல்லாம் மேப்பில்தான், ஒரு சொட்டு கண்ணீர் மாதிரி. சமூக அறிவியல் டீச்சரிடம் சொன்னேன், "எங்க நாடு மட்டும் அழுதுட்டே இருக்குதுங்க மிஸ்." வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

ஜெயித்தேன்! இங்கிலீஷில்தான் பேசினேன். தப்பு இங்கிலீஷ், ஆனால் தைரிய இங்கிலீஷ்.

மாதேஷ் நன்றாகவே படித்து வந்திருந்தான். தீவை இரண்டாகப் பிரித்தார்கள், தெற்கே தனி நாடு, வடக்கு பிரிட்டனோடு, ஆகவே அவர்கள் பிரிட்டிஷ், பேப்பரில் என்ன இருக்கிறதோ அதுதான் ஆள் என்று முடித்தான்.

நான் எழுந்து கேட்டேன்: "உங்க அப்பா ரிக் லாரி என்ன நம்பர்?"

"கர்நாடகா."

"ராஜஸ்தான்ல நின்னாலும் ஒடிசாவுல நின்னாலும், எந்த ஊர் வண்டின்னு கேட்டா டிரைவர் என்ன சொல்லுவார்?"

பின்வரிசையில் யாரோ கத்தினார்கள்: "திருச்செங்கோடு!"

அவ்வளவுதான், ஹால் அதிர்ந்தது. அதற்குப் பிறகு நான் படித்ததைச் சொன்னேன். அங்கே பல வருடம் வெட்டு, குத்து, குண்டு எல்லாம் முடிந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே பிறந்தவர் நான் ஐரிஷ் என்று சொல்லலாம், பிரிட்டிஷ் என்று சொல்லலாம், இரண்டும் என்றுகூடச் சொல்லலாம். அதை அவரவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு ஆளுக்கு ரெண்டாம்! இங்கே ஒண்ணுக்கே வழியக் காணோம்.

வீட்டில் அப்பாவிடம் லாரிக் கதையை நடித்துக் காட்டினேன். கையிலிருந்த பெயிண்டைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு சொன்னார்: "அந்த லொறிக்கு ஒரு நம்பர் இருக்கிறபடியாத்தான் அது ராஜஸ்தான் வரைக்கும் போகுது. நம்பரே இல்லாத லொறி எங்க போகும்?"

அப்பா மேடையில் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மத்தியானம் மீன் குழம்பு. அப்பா தலை தூக்காமல் சொன்னார்: "ஊருக்குப் போக மூண்டு பேருக்கும் எழுதிக் குடுத்திட்டன்."

அம்மா கையில் சோறு அப்படியே நின்றது.

அப்பாவின் அண்ணன் மன்னாரிலிருந்து கூப்பிட்டாராம். ராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் காணி நிலத்தை விட்டுவிட்டார்களாம். ஆனால் காணி அப்பாவுக்குச் சாக்குதான். "அங்க போனா இவனுக்கு ஒரு நாடு இருக்கும். பாஸ்போட் இருக்கும். இஞ்ச இருந்தா இவனும் என்னைப்போல ஆரோ ஒராளின்ர வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிச்சுக்கொண்டு…"

"எங்ககிட்டக் கேட்டீங்களா?"

"உன்னட்ட என்ன கேக்கிறது? நீ பிள்ளை."

ஆகஸ்ட் 4, திங்கள்

மாதேஷிடம் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றம். என்னைத்தான் 'அட்டென்ஷன்' சொல்ல வைத்தார்கள், தொண்டை பெரிசாம். சாக்லேட்டோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா கேட்டார், "அங்க போனா சுதந்திர தினம் பெப்ரவரி நாலு. அண்டைக்கு இனிப்புக் குடுப்பினம், தெரியுமோ?" சமாதானமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கோபம் ஏறிக்கொண்டது.

"நீங்க போங்கப்பா. நீங்க ஐரிஷ். நான் பிரிட்டிஷ். அவரவர் சொல்றதுதான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்து வெளியே போய்விட்டார். அவர் பிரஷ்களை டர்பன்டைனில் போட்டுக் கழுவிக்கொண்டே இருக்கும் சத்தம் கேட்டது. நேற்றே கழுவி வைத்திருந்த பிரஷ்கள்.

அம்மா சொன்னார், "உன்ர வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேணும்."

"பூட்டு நம்ம நாமக்கல்ல கிடைக்காதுங்கம்மா, திண்டுக்கல்தான்."

அம்மா அடிக்கக் கை ஓங்கி, ஓங்கிய கையாலேயே கண்ணைத் துடைத்தார். அம்மாவுக்கும் போக இஷ்டமில்லை. எனக்குத் தெரியும். கிணற்றடியில் நட்ட முருங்கையைப் பற்றியே மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பதினெட்டு! மாதேஷ் என் தலையில் முட்டை உடைத்தான். நாமக்கல் மாவட்டத்தில் பிறந்தவனுக்கு வேறு என்ன மரியாதை.

அவனிடம் சொல்லிவிட்டேன். முட்டை வழிய வழியவே சொன்னேன். என் முகத்தில் வழிந்ததைத் தன் சட்டையால் துடைத்தான். பிறகு, "எங்கூட்டுல இருந்துக்கடா. எங்கம்மாவுக்கு என்னைவிட உன்னத்தான் புடிக்கும்" என்றான். ஜோக் மாதிரி சொன்னான். முகம் ஜோக் மாதிரி இல்லை.

வீட்டில் ஒரு நல்ல சேதி கிடைத்தது. ஊர் திரும்ப மனுக் கொடுத்தவர்களில் வயது வந்தவர்களை அதிகாரிகள் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டு, விரும்பித்தான் போகிறாயா என்று கேட்பார்களாம். இப்போது நானும் வயது வந்தவன்.

எனக்கு ஒரு யோசனை. என் வாழ்க்கையிலேயே பெரிய சேட்டை.

செப்டம்பர் 24, புதன்

நடந்தது.

முதலில் அப்பா உள்ளே போனார், பிறகு அம்மா, கடைசியாக நான். மேஜைக்குப் பின்னால் ஒரு மேடம். மரியாதையாகப் பேசினார். "நீங்க விரும்பித்தான் போறீங்களா? யாரும் கட்டாயப்படுத்தலையே? நீங்க சொல்றத வெளிய யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

"எனக்கு விருப்பமில்லைங்க மேடம்."

"யோசிச்சுத்தானே சொல்றீங்க?"

"ஆமாங்க."

என் கணக்கு இதுதான்: ஒரு தலை குறைந்தால் முழு வீடும் நிற்கும். நான் ஒருத்தன் வேண்டாம் என்றால் மூன்று பேர் மனுவும் ரத்து. அப்பாவும் 'விதி' என்று திட்டிவிட்டு மறுநாள் வேலைக்குப் போவார். யாரும் யாரையும் பகைக்க வேண்டியதில்லை.

வெளியே அப்பா எங்களுக்குக் கரும்பு ஜூஸ் வாங்கித் தந்தார். என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. "நல்லாக் கதைச்சனியா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். அவருடைய கிளாஸில் பாதியை என் கிளாஸில் ஊற்றினார்.

அக்டோபர் 10, வெள்ளி

மனுவின் முடிவைக் கேட்க மூன்று பேரும் ஆபீஸுக்குப் போனோம். லாசர், சரி. மரியபுஷ்பம், சரி. ரூபன், பெயர் நீக்கம்.

நான் அந்த ஆபீஸ்காரரிடம் கேட்டேன், "ஒரு ஆள் குறைஞ்சா மொத்தமா நிக்கணுமல்லங்க?"

"அது செக்கிங் தம்பி. இது வேற. இதுல ஒவ்வொருத்தரும் தனி."

தனி. எத்தனை செக்கிங்கில் நின்றிருக்கிறேன். வீடு என்றால் ஒரே உருப்படி என்றுதானே இத்தனை வருஷம் எண்ணினார்கள்? திடீர்னு இப்ப மட்டும் தனித்தனியா எண்ணினா எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படி…

அப்பா பக்கத்தில்தான் நின்றார். எல்லாம் கேட்டார்.

"வேண்டாமெண்டு சொன்னனியா?"

அம்மா அங்கேயே கத்திவிட்டார்: "நீ ஓம் எண்டுதான் சொல்லுவாய் எண்டு நினைச்சு நானும் ஓம் எண்டனான்! எனக்கென்ன ஆசையே போக? உன்னை விட்டுட்டு நான் ஏன் அங்க?"

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து வந்தோம்.

அக்டோபர் 12, ஞாயிறு

அம்மா தன் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளப்போகிறார். என் பரீட்சை முடியட்டும், பிறகு யோசிக்கலாம் என்கிறார்.

அப்பா எடுக்க மாட்டாராம்.

கெஞ்சினேன். ஆமாம், நான்தான். "அப்பா, நான் ஒரு கணக்குப் போட்டு அப்பிடிச் சொன்னன். நான் போய் மாத்திச் சொல்லட்டா? இப்பவே போறன்."

அப்பா என்னை உட்காரச் சொன்னார். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உண்மையா உனக்கு வர விருப்பமோ? எனக்காக இல்லை. உனக்கு."

வாயைத் திறந்தேன். எந்நேரமும் எதையாவது கொட்டுகிற வாய். ஒன்றும் வரவில்லை.

"பாத்தியே," என்றார். "உன்னட்டக் கேட்டாங்கள், நீ சொன்னாய். என்னட்டக் கேட்டாங்கள், நான் சொன்னன். ஆர்தான் பிழை விட்டது? ஆனா உனக்கு அந்த நாட்டுக் குடியுரிமைப் பதிவு எடுக்க ஆரேனும் அங்க நிக்க வேணும் ராசா. நான் முன்னுக்குப் போய் நிக்கிறன். நீ வாறதும் விடுறதும் பிறகு."

"போனா திரும்பி வர விசா கேப்பாங்கப்பா."

"தெரியும்."

அக்டோபர் 29, புதன்

அப்பா எங்கள் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார். ஊர் சுவருக்கெல்லாம் அடித்தவர் இந்தச் சுவருக்கு முதல்முறையாக இரண்டு கோட் அடிக்கிறார். நானும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 6, வியாழன்

சென்னையிலிருந்து விமானம். முகாமிலிருந்து அங்கே வரை போக எங்களுக்கு அனுமதி வாங்கவில்லை. சேலம் ஜங்ஷன் வரைதான். மாதேஷ் வீட்டுக் கார் வந்தது. மாதேஷ் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தான்.

பிளாட்பாரத்தில் அம்மா பொட்டலத்தில் என்னென்ன இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். புளிச்சாதம், ஊறுகாய், தைலம். அப்பா ஒவ்வொன்றுக்கும் "ஓம்" சொன்னார்.

அப்பா ரயில் ஏறும் முன் மாதேஷ் அவர் காலைத் தொட்டான். "போயிட்டு வாங்கப்பா."

அப்பா அவன் தலையில் கைவைத்து, "வாரேன் சாமி" என்றார்.

முப்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் இருந்தும் ஒரு நாள்கூட ஊர்ப் பேச்சு பேசாத மனுஷன். இரண்டு வார்த்தையும் சுத்தத் திருச்செங்கோடு.

ஏறி உட்கார்ந்ததும் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். சன்னல் கம்பி வழியாக என் சட்டைக் காலரைச் சரி செய்தார். ரயில் நகர்ந்தது, கை விட்டுவிட்டது.

ஏதாவது ஒரு ஜோக் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே போயிருப்பார். ஒரே ஒரு ஜோக்.

நவம்பர் 7, வெள்ளி

அம்மா மூன்று பேருக்கு அரிசி போட்டுவிட்டார்.

டிசம்பர் 21, ஞாயிறு

அப்பா போனில் பேசினார். கடையில் சாமான் வாங்கும்போது "ஏனுங்க" என்று வாயில் வந்துவிட்டதாம். கடைக்காரர் "ஐயா இந்தியாவோ?" என்று கேட்டாராம். அந்தத் தெருவில் அப்பாவுக்கு இப்போது 'இந்தியாக்காரர்' என்று பெயராம்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் அளவுக்கு மேல் சிரித்துவிட்டோம். அப்புறம் அப்பாதான் பேச்சை மாற்றினார்.

"படிக்கிறியோ?"

"படிக்கிறன்."

கைலாசம் சார் மாவட்டப் பேச்சுப் போட்டிக்குக் கூப்பிட்டார். தொண்டை சரியில்லைங்க சார் என்றேன். சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வற்புறுத்தவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

அப்பாவுக்கு அடையாள அட்டை வந்துவிட்டது. போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். பெயர், எண், பிறந்த இடம், மூன்று மொழியில். கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "வெளியில பிறந்த பிள்ளையளின்ர பிறப்பை இஞ்ச பதியலாமாம் ராசா. உன்ர பேருக்கும் விசாரிச்சிட்டன். எப்பவெண்டாலும் சரி. அவசரமில்லை."

என்னென்னவோ டைப் செய்து அழித்தேன். கடைசியில் 'நல்லா இருக்கு அப்பா' என்று அனுப்பினேன்.

அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். நான் பக்கத்தில் நின்று, "இது நம்பர், இது அவர் ஊர் பேர், சிங்களத்திலயும் போட்டிருக்குப் பாருங்க" என்று காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். நம்பர் ஓரத்துக்குப் போய் மறைந்தது, ஊர் மறைந்தது, மூன்று மொழியும் மறைந்தது. திரை முழுக்க அப்பாவின் முகம் மட்டும் புள்ளி புள்ளியாக நின்றது.

"மெலிஞ்சு போனார்," என்றார் அம்மா.